‘டி’ டிரைவில் பத்திரமாக

கோடு இருபத்தொன்பது சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தது. நின்றது என்று சொல்லக்கூடாது, முப்பதுக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது, அது யோசித்த அந்த அரை நிமிஷத்தில்தான் செண்பகவல்லிக்கும் யோசிக்க இடம் கிடைத்தது. அதுவரை அவள் நிம்மதியாகத்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை, குக்கர் இறங்கியாயிற்று, வீட்டுக்காரர் தனுஷ்கோடி, கூட வேலை பார்த்தவர்களிடம் சொல்லிக்கொண்டு வர பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார், மேசையில் லேப்டாப், அதற்குள் லினக்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், இதுவும் பக்கத்தில் இருக்கட்டும், திறக்கும்போது எது வேண்டுமோ அதைத் திறந்துகொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. காலையிலிருந்து மூன்று தடவை முட்டிக்கொண்டு நாலாவது தடவை உள்ளே போய்விட்டது, கோவில்பட்டி மெயின் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் பதினாறு வருஷம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியதற்கு இதாவது செய்யத் தெரியாதா என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளப் போன சமயம் பார்த்து அந்தக் கேள்வி வந்தது. இத்தனை திரை வந்ததே, இத்தனை ‘அடுத்து’ அமுக்கினோமே, அதில் எங்கேயாவது ‘சி’ என்றோ ‘டி’ என்றோ ஒரு எழுத்தைப் பார்த்தோமா?

பார்த்திருப்போம் என்று சொல்லிக்கொண்டாள். பார்க்காமல் எப்படி அமுக்கியிருப்போம். கோடு முப்பதைத் தொட்டது, ஆறுதலாக இருந்தது, உடனே ஆறுதல் போய்விட்டது, ஏனென்றால் கோடு முன்னால் போகப் போக ‘டி’க்கு என்ன ஆகிறது என்று தெரியவில்லை, ‘டி’யில்தான் அவர் குரல் இருக்கிறது. அவர் குரல் என்றால் பாட்டோ பேட்டியோ இல்லை. நாளைக் காலை மதுரையில் அட்மிஷன், செவ்வாய்க்கிழமை ஆப்பரேஷன், குரல்வளையில் புற்று, மொத்தமாக எடுத்துவிடுவார்கள், கழுத்தில் ஒரு துளை இருக்கும், அது வழியாக மூச்சு விடலாம், பேச முடியாது. டாக்டர் இதைச் சொன்னபோது ஏதோ பல்லைப் பிடுங்குகிற மாதிரி சொன்னார், அவரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் இடது வலது தெரியாமல் நின்றார். இருபத்தேழு வருஷமாக பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர். மைக்கைப் பிடித்து “சாத்தூர், விருதுநகர் வழியாக மதுரை செல்லும் பேருந்து இன்னும் ஐந்து நிமிடங்களில்” என்று அவர் ஆரம்பித்தால் வேர்க்கடலை விற்கிறவன்கூட ஒரு நொடி வாயை மூடுவான். அந்தத் தொண்டைக்கு இந்தக் கதி. மதுரையில் ஒரு நர்ஸ்தான் நம்பர் கொடுத்தாள், சென்னையில் ரகோத்தமன் என்று ஒருத்தர், ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறார், ஆப்பரேஷனுக்கு முன்னால் அறுநூறு வாக்கியம் வாசித்துப் பதிவு செய்து வைத்தால் பிற்பாடு நாம் டைப் அடிப்பதை அதே குரலில் கம்ப்யூட்டர் பேசும் என்றார். தலையில் மாட்டுகிற மைக் ஒன்றும் தபாலில் வந்தது. நாற்பத்தொரு நாள், தினமும் பதினைந்து வாக்கியம், வாசித்துவிட்டு வெந்நீர் குடிப்பார், மற்ற நேரமெல்லாம் டாக்டர் சொன்னபடி குசுகுசுதான். அறுநூற்றுப் பன்னிரண்டு வாக்கியம். அந்தப் பதிவையெல்லாம் கழுவித் துடைத்து மூட்டை கட்டி அனுப்புகிற புரோகிராம் விண்டோஸில் ஓடாதாம், லினக்ஸில்தான் ஓடுமாம், நாளைக்குள் அனுப்பிவிடுங்கள் அம்மா, ஏதாவது விட்டுப்போயிருந்தால் சார் பேசுகிற நிலையில் இருக்கும்போதே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ரகோத்தமன் சொன்னார். முப்பத்துநாலு.

முப்பத்துநாலு என்றால் மூன்றில் ஒரு பங்கு. மூன்றில் ஒரு பங்கு என்ன ஆகியிருக்கும். அவள் திரும்பவும் காலையிலிருந்து எண்ணிப் பார்த்தாள், சாவியைத் தொலைத்தவள் வந்த வழியே நடந்து பார்க்கிற மாதிரி. முதல் தடவை கறுப்புத் திரை, மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றது, கால் மணி நேரம் நின்றது. ரகோத்தமனுக்குப் போன் போட்டாள், பாவம் ஞாயிற்றுக்கிழமையும் எடுத்தார், தொடக்கத்தில் எஃப் டூ அமுக்கி உள்ளே போய் ஒரு பூட்டை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தாள். இரண்டாம் தடவை தமிழிலேயே கேட்டது, மொழி தமிழ் என்று கொடுத்தாள், விண்டோஸ் சரியாக மூடப்படவில்லை என்று ஒரு கட்டம் வந்து மறித்தது. மறுபடியும் போன், அது பாதித் தூக்கத்தில் படுத்திருக்கும் அம்மா, முழுசாக மூட ஒரு கட்டளை இருக்கிறது என்று எழுத்தெழுத்தாகச் சொன்னார், எழுத்தெழுத்தாக அடித்தாள். மூன்றாம் தடவை விண்டோஸின் பக்கத்தில் நிறுவு என்று ஒரு வரி வரும், அதை மட்டும் தொடுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார், அந்த வரிதான் வரவில்லை. திரும்ப அணைத்துத் திரும்பப் போட்டும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டால் அவர் எடுக்கவில்லை, ரயிலில் ஏறப்போவதாகச் சொன்னது ஞாபகம் வந்தது. இருந்தது இரண்டே வரி. ஒன்று ‘வட்டை அழித்து நிறுவு’, இன்னொன்று ‘வேறு வழி’. வேறு வழியைத் தொட்டால் ஒரு பட்டியல் வந்தது, ஒரு எழுத்தும் விளங்கவில்லை, பெயரெல்லாம் மோட்டார் வண்டி நம்பர் மாதிரி இருந்தது, பயந்து பின்னால் வந்துவிட்டாள். அழித்து நிறுவு என்றால் என்ன, கடைக் கம்ப்யூட்டரை ரிப்பேர் பார்க்க வருகிற ஜெபராஜ் செய்வதுதானே. வைரஸ் வந்தால் அழித்துவிட்டுத்தானே புதிதாகப் போடுகிறான். எதை அழிக்கிறான், ‘சி’யை. விண்டோஸும் போகுமே என்று ஒரு நொடி தோன்றியது, போகட்டும், அதை அவன் அரை மணி நேரத்தில் திரும்பப் போட்டுத் தருவான், குரல்தான் ‘டி’யில் இருக்கிறதே. இவ்வளவையும் தெளிவாக யோசித்தாள், யோசித்துத்தான் அமுக்கினாள், அதுதான் இப்போது ஆத்திரமாக வந்தது. யோசிக்காமல் செய்திருந்தால் கை தவறிவிட்டது என்றாவது சொல்லிக்கொள்ளலாம்.

நாற்பது. பென்டிரைவ் லேப்டாப்பின் இடுப்பில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம்வரை அறுநூற்றுப் பன்னிரண்டும் அதில்தான் இருந்தது, ‘முதலில் வேறு இடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்’ என்று ரகோத்தமன் படித்துப் படித்துச் சொன்னதற்காக லேப்டாப்பிலிருந்து வெட்டி அதில் ஒட்டினாள், சமர்த்தாக. அப்புறம்தான் லினக்ஸை ஏற்றுவதற்கும் ஒரு பென்டிரைவ் வேண்டும், அது காலியாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. வீட்டில் இருப்பதோ ஒன்று. கடை பூட்டி, சாவி முதலாளியிடம், முதலாளி திருச்செந்தூரில். சரி, இதிலிருப்பதை ‘டி’யில் போட்டுவைப்போம், அதைவிடப் பத்திரமான இடம் எது என்று தூக்கி அதில் போட்டாள், ‘அவர் குரல் பத்திரம்’ என்று ஃபோல்டருக்குப் பெயரும் வைத்தாள். பதினாறு வருஷத்தில் கடைக் கம்ப்யூட்டரை ஜெபராஜ் எத்தனை தடவை அழித்திருப்பான், ஒன்பதோ பத்தோ, ஒரு தடவையாவது ‘டி’க்குக் கீறல் விழுந்திருக்கிறதா. கடைக்கு வருகிற ஒவ்வொருத்தரிடமும் அவள் சொல்லியிருக்கிறாள், ‘டெஸ்க்டாப்புல வைக்காதீங்கண்ணே, டி-ல வைங்க, யாரு வந்து என்ன செஞ்சாலும் டி-ய ஒண்ணும் செய்ய முடியாது’ என்று. கல்யாணப் பத்திரிகை, பட்டா, பிள்ளைகள் மார்க் ஷீட் எல்லாம் ‘டி’யில். கோவில்பட்டியில் பாதிப் பேர் அவள் பேச்சைக் கேட்டு ‘டி’யில்தான் வாழ்க்கையை வைத்திருக்கிறார்கள்.

எழுந்து போய் அடுப்படியில் தண்ணீர் குடித்தாள், சொம்பை வைக்கும்போது திரும்பி வந்து பார்த்தாள், நாற்பத்தேழு. இந்த லேப்டாப்பை வாங்கின புதிதில் ஜெபராஜ் இதே மேசையில் உட்கார்ந்திருந்தான், ‘எல்லாம் ஒரே சி-யா கிடக்குதுக்கா, பிரிச்சித் தரேன்’ என்றான், எதை வைத்துப் பிரிப்பாய் என்று கேட்டதற்குச் சிரித்தான். என்னவோ சொன்னான். என்ன சொன்னான். அவள் அப்போது காபி ஆற்றிக்கொண்டிருந்தாள், நுரை வழிந்தது, அவன் சொன்னது காதில் விழுந்து எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது, இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து வருகிறது. ஒரே ரூமுக்கு நடுவுல தட்டி வச்சு மறைக்கிறதுதான்க்கா. அதுதான் சொன்னான். ஒரே ரூம். கடைசியாக உறுதி கேட்ட கட்டத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, ஒரே ஒரு வட்டு, அதன் மொத்த அளவு, அவள் அளவைக்கூடப் பார்த்தாள், ‘சி’க்கு இவ்வளவு ஏது என்று நினைக்கவும் நினைத்தாள், நினைத்துக்கொண்டே அமுக்கினாள். போனை எடுத்து ஜெபராஜுக்குப் போட்டாள். வண்டியில் போகிற சத்தம் கேட்டது.

“சொல்லுங்கக்கா, கோயிலுக்குப் போய்ட்டிருக்கேன்.”

“ஜெபராஜு, வட்டை அழித்து நிறுவுன்னு குடுத்தா டி போகுமா?”

“எதுல குடுத்தீங்க?”

“வீட்டு லேப்டாப்புல. லினக்ஸ் போடுறேன்.”

வண்டிச் சத்தம் நின்றது. ஓரமாக நிறுத்தியிருக்கிறான். நிறுத்துகிற அளவுக்கு விஷயம் இருக்கிறது என்று அவளுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

“அக்கா, சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்குதான்க்கா. நான் கை வைக்கும்போது சி-ய மட்டும் பாத்து அழிப்பேன். அது அப்படிப் பாக்காது, முழுசாத் தொடைச்சிட்டுத்தான் ஆரம்பிக்கும். டி-ல என்ன இருந்துச்சு?”

“இப்ப அணைச்சிரட்டுமா? வயரப் புடுங்கிரட்டுமா?”

“முன்னாடி இருந்த சுத்துற டிஸ்க்குன்னா புடுங்கச் சொல்லுவேன், தோண்டிப் பாக்கலாம். போன வருஷம் வேகமா இருக்கணும்னு புதுசு மாத்தினோம்லா, இதுல அழிச்சா அழிச்சதுதான். என்னக்கா இருந்துச்சு?”

“ஒண்ணுமில்ல,” என்றாள். “நீ கோயிலுக்குப் போ.”

ஒண்ணுமில்ல. அதை ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஐம்பத்தெட்டு. கோடு இப்போது குஷியாகிவிட்டது, யோசிப்பதெல்லாம் கிடையாது, விறுவிறுவென்று போனது, நடுவில் படம் வேறு மாற்றிக் காட்டியது, உங்கள் புதிய கணினியில் புகைப்படங்களை அழகாக அடுக்கலாம், பாட்டுக் கேட்கலாம் என்று. போனில் அவர் குரல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். அவர் அனுப்பிய பழைய குரல் செய்தி மூன்று, ஒன்றில் லாரி ஹாரன்தான் கேட்டது, ஒன்றில் “ஆங், வரேன்”, இன்னொன்று தெரியாமல் கை பட்டுப் பதிவானது, சட்டைப் பையின் சரசரப்பு. நாள் முழுக்க மைக்கில் பேசுகிறவர் வீட்டுக்கு வந்தால் வாயைத் திறப்பதில்லை, அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, பேச்சுதானே, எங்கே போய்விடப் போகிறது. திரும்ப வாசிக்கச் சொல்லலாமா. எப்படி. நாற்பத்தொரு நாள் வேலையை ஒரு சாயங்காலத்தில் எப்படி, அதுவும் போன வாரத்திலிருந்து நாலு வாக்கியத்துக்கு ஒரு தடவை இருமல் வந்து ரத்தம் தெறிக்கிறது. அந்த வாக்கியங்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம், பக்கத்தில் உட்கார்ந்து பட்டனை அமுக்கியவள் அவள்தானே. மழைக்காலத்தில் வெளியே செல்லும்போது குடையை மறவாதீர்கள். என் தம்பி ஆறாம் வகுப்பில் பயில்கிறான். அவருக்குத் தம்பியே கிடையாது. பஸ் ஸ்டாண்டு மைக்கில் பேசுகிற தோரணையில் நிமிர்ந்து உட்கார்ந்து வாசிப்பார், ஒரு எழுத்து வழுக்கினாலும் மறுபடி. எனக்குத் தாகமாக உள்ளது. நூற்றுப் பதினேழாவது வாக்கியம். அதைக் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, இனிமேல் தண்ணீர் வேண்டுமென்றால் இப்படித்தான் கேட்பாராக்கும் என்று கேலி செய்தாள், அவரும் சத்தமில்லாமல் சிரித்தார். எழுபத்தொன்று. பொய் சொல்லலாம். அனுப்பியாயிற்று, சென்னையில் வேலை நடக்கிறது என்று சொல்லலாம், ஆப்பரேஷன் முடிந்து வரட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லலாம். எப்படிப் பக்குவமாக. அப்போது அவரால் ‘ஏன்’ என்றுகூடக் கேட்க முடியாது, சிலேட்டில் எழுதித்தான் கேட்க வேண்டும், அந்த ஒரு வார்த்தையை அவர் எழுதி முடிக்கிறவரை எதிரில் நிற்க முடியுமா. நிற்க முடியாது. செத்துவிடலாம் போலிருந்தது, அப்படி ஒன்றும் செத்துவிட மாட்டாள், ரசம் வைக்க வேண்டும், சாயங்காலம் மதுரைக்குப் பெட்டி அடுக்க வேண்டும், ஆனாலும் அப்படித்தான் இருந்தது. எண்பத்தாறு. திரையைப் பாதி மூடினாள், உள்ளே ஏதாவது மிச்சமிருந்து அதுவும் போய்விடுமோ என்று பயந்து திறந்தாள். தொண்ணூற்றொன்பதில் அது மறுபடி நின்றது, வெகு நேரம் நின்றது, அந்த நேரம் முழுக்க அவள் ஜெபராஜுக்கு எல்லாம் தெரிந்துவிடாது, லினக்ஸைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அணைந்தது, எழுந்தது. நீல மலைப் படம் ஒன்று வந்தது. கோப்புகள் என்ற பெட்டியைத் திறந்தாள். ஆவணங்கள், காலி. இசை, காலி. படங்கள், காலி. பக்கவாட்டில் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து மூடினாள். வீடு கட்டி முடித்து வெள்ளையடித்து வைத்திருக்கிற மாதிரி அத்தனை சுத்தமாக இருந்தது.

பன்னிரண்டுக்கு அவர் வந்தார். யாரோ சால்வை போட்டிருக்கிறார்கள், அதை மடித்துக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே “சோறு ஆச்சா?” என்றார், குசுகுசுவென்று.

பொய் சொல்வது என்று அந்த நொடிவரை முடிவாகத்தான் இருந்தது. “எல்லாம் போச்சுங்க,” என்றாள்.

“எது?”

“நீங்க வாசிச்சதெல்லாம். அறுநூத்திப் பன்னெண்டும். நான்தான் அழிச்சிட்டேன்.”

அவர் மலைப் படத்தைப் பார்த்தார். “பென்டிரைவ்ல இருக்கும்லா.”

“அதத் தொடைச்சிட்டுத்தான் இத ஏத்துனேன்.”

“அப்ப எதுல வச்ச?”

“டி-ல.”

தனுஷ்கோடி சால்வையை நாற்காலியில் போட்டார். உட்காரவில்லை. பிறகு இரண்டு மாதமாக உள்ளே அமுக்கி வைத்திருந்த தொண்டை திறந்துகொண்டது.

“கூறு இருக்காட்டி உனக்கு? ஏட்டி, கூறு இருக்கான்னு கேக்கேன்! நாப்பத்தோரு நாளு தொண்டை கிழியக் கிழிய வாசிச்சிருக்கேன், குடைய மறக்காதீங்க, கொண்டைய மறக்காதீங்கன்னு! ஊர்ல எவன் எவன் சர்ட்டிபிகேட்டுக்கெல்லாமோ நாலு காப்பி எடுத்துக் குடுக்கத் தெரியுது, கட்டுனவன் தொண்டைக்கு ஒரு காப்பி எடுத்து வைக்கத் தெரியலியா? பதினாறு வருசமா என்னத்தட்டி கிழிச்ச அந்தக் கடையில?”

குரல் ரம்பம் போடுகிற மாதிரி பிசிறடித்தது, நடுவில் ஓரிடத்தில் காற்று மட்டும் வந்தது. ஆனால் அது அவர் குரல். பஸ் ஸ்டாண்டிலும் கேட்காத, மைக்கில் நாற்பத்தொரு நாள் வாசித்ததிலும் இல்லாத குரல். அவளுக்கு அழுகை முட்டியது, அதே சமயம் இது நின்றுவிடக் கூடாதே என்று பதறியது, அந்தப் பதற்றத்தில் போனைத் தடவி எடுத்துப் பதிவை அமுக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “திட்டுங்க. இன்னும் திட்டுங்க, நிறுத்தாதீங்க.”

அவர் சிவப்புப் புள்ளியைப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தவர் போல முதுகு தானாக நிமிர்ந்தது. செருமித் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “நான் மிகுந்த வருத்தத்தில்,” என்று ஆரம்பித்தார், நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, “வருத்தத்தில் உள்ளேன்.”

“இப்படி இல்லங்க. முன்ன பேசுன மாதிரி.”

மறுபடி பார்த்தார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். “நீ செய்த காரியம்,” என்றார், அதற்கு மேல் வரவில்லை. கண்ணில் நீர் நின்றது. புள்ளி எரிந்துகொண்டேயிருந்தது, நொடிகள் ஓடின, சுவர்க் கடிகாரச் சத்தம் பதிவாகிக்கொண்டிருந்தது.

செண்பகவல்லி போனை அணைத்தாள். மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். அவரை உட்காரவைத்து, இன்னொரு நாற்காலியை அவர் முழங்காலோடு முட்டுகிற மாதிரி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“கட்டுனவன் தொண்டைக்கு ஒரு காப்பி எடுத்து வைக்கத் தெரியல,” என்றாள். “மேல சொல்லுங்க.”

“மேல என்னட்டி மேல,” என்றார். “முட்டாக் கழுத.” இருமினார், வேட்டி நுனியால் வாயைத் துடைத்தார், அப்புறம் தொடங்கினார். அவளை, ஜெபராஜை, ஜெராக்ஸ் முதலாளியை, பெண் பார்க்கப் போனபோது வாய்க்குள்ளேயே பேசிய அவள் அப்பாவை, இருபத்தேழு வருஷத்து டிரைவர்களை, மதுரை டாக்டரை, கடைசியில் சாமியை. குரல் இருந்தவரை திட்டினார். அவள் ஒரு சொல்லையும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.